யானைக் கொட்டிலில் இருந்து உலகத் திரைக்கு!

பாகன் மகன் சாபுவின் கதை

எட்டயபுரம் எங்கே இருக்கிறது?

பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. மகாகவி பாரதியார் பிறந்த ஊர். ராஜா இருந்த ஊர். அரண்மனை உள்ள ஊர்.

சரி, எஷ்னாபூர் எங்கே இருக்கிறது?

பெயரைக் கேட்டால் எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர் போலத் தோன்றும். ஆனால் உலகப் படத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அப்படி ஓர் ஊரே கிடையாது! அது ஜெர்மனியில் சினிமாக்காரர்கள் உண்டாக்கிய ஊர். இந்தியாவில் இருப்பதாக அவர்கள் கற்பனை செய்த ஊர்.

1921-ம் ஆண்டு, 'இந்தியக் கல்லறை' என்று பொருள்படும் பெயரில் ஒரு ஜெர்மன் படம் வெளிவந்தது. பேசாத படம். ஜோ மே என்பவர் டைரக்டர். எஷ்னாபூர் மகாராஜா தன் மனைவி மீது கோபம் கொள்கிறார். அவள் உயிரோடு இருக்கும்போதே அவளுக்குக் கல்லறை கட்ட ஆள் தேடுகிறார். மண்ணுக்குள் புதைந்து கிடந்த யோகி ஒருவர் எழுந்து வருகிறார். புலிக் கூண்டு வருகிறது. பாம்பு வருகிறது. பார்த்தவர்கள் நடுங்கினார்கள்.

இத்தனையும் நடந்தது இந்தியாவில் அல்ல. பெர்லின் நகரத்துக்குப் பக்கத்தில் போட்ட செட்டுகளில்! மகாராஜாவாக நடித்தவரும் இந்தியர் அல்ல. அவர் கான்ராட் வைட் என்ற ஜெர்மன் நடிகர். யோகியாக நடித்தவரும் ஜெர்மானியரே.

அந்தக் காலத்து ஐரோப்பியத் திரையில் இந்தியா இருந்தது. இந்தியர்தான் மிக அரிது.

அந்தத் திரையில் ஒருநாள் உண்மையான இந்திய முகம் ஒன்று தோன்றியது. சாயம் பூசாத முகம். பதின்மூன்று வயதுப் பையனின் முகம். அவன் படித்தவன் அல்ல. பணக்காரன் அல்ல. தாயும் தந்தையும் இல்லாத ஒரு பாகன் மகன். அவன் பெயர் சாபு.

அடுத்த ஊர்ப் பேய்

சாபுவின் கதைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் பாட்டி சொல்லும் பேய், நம் ஊர்ப் புளியமரத்தில் இருக்கும். நம் ஊர்க் கிணற்றடியில் நிற்கும். அது நமக்குத் தெரிந்த பேய்.

ஐரோப்பாவின் பழைய பயங்கரப் படங்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. பயம் வேறு ஊரில் இருந்து வரும். அல்லது வேறு சாதி சனத்திடம் இருந்து வரும்.

1920-ல் வந்த 'கோலம்' என்ற ஜெர்மன் படத்தில், பிராக் நகரத்து யூதர் சேரியில் ஒரு குரு களிமண்ணால் மனிதனைச் செய்து உயிர் கொடுக்கிறார். அவன் அடங்காமல் போகிறான். 1922-ல் வந்த 'நாஸ்ஃபெராட்டு' படத்தில், இரத்தம் குடிக்கும் பிரபு கிழக்கே திரான்சில்வேனியா மலையில் இருந்து கப்பலில் வருகிறான். அவனோடு எலிகளும் பிளேக் நோயும் வருகின்றன. 'இந்தியக் கல்லறை'யில் பயம் எஷ்னாபூரில் இருந்து வருகிறது.

இவை திறமையான படங்கள். இன்றும் சினிமா கற்பவர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள். ஆனால் அவற்றைப் பார்த்த சாதாரண ஜனங்கள் மனத்தில் ஓர் எண்ணம் பதிந்தது. நம்மைப் போல் இல்லாதவனைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்ற எண்ணம் அது.

அந்த எண்ணத்துக்கு எதிராகப் பேச ஒரு பையனுக்கு என்ன தெரியும்? அவன் பேசவில்லை. சிரித்தான். அவ்வளவுதான்!

காரபூர்ப் பையன்

மைசூர் சமஸ்தானத்தில் காரபூர் என்ற சிற்றூர் இருந்தது. கபினி ஆற்றங்கரை. பக்கத்தில் காக்கனகோட்டைக் காடு. காட்டு யானைகளை வளைத்துப் பிடிக்கும் 'கெட்டா'வுக்குப் பெயர் போன இடம் அது.

1924-ம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ந் தேதி சாபு பிறந்தான். தகப்பனார் மைசூர் மகாராஜாவின் யானைப் பாகன். முஸ்லிம் குடும்பம். தாய், சாபு குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனாள். தகப்பனார்தான் வளர்த்தார். யானைதான் விளையாட்டுத் தோழன். சில ஆண்டுகளில் தகப்பனாரும் போய்விட்டார். அண்ணன் ஒருவர்தான் மிச்சம்.

சாபு மகாராஜாவின் யானைக் கொட்டிலில் வளர்ந்தான். யானைக்குத் தீனி வைப்பான். ஆற்றில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டுவான். துதிக்கையில் கால் வைத்து ஒரே எட்டில் முதுகில் ஏறிவிடுவான். பள்ளிக்கூடம் இல்லை. எழுத்து இல்லை.

அந்தப் பையனின் வாழ்க்கை அந்தக் கொட்டிலிலேயே முடிந்திருக்கும். விதி வேறு விதமாக இருந்தது.

காமிராக்காரர் கண்ணில் பட்டான்

1935-ம் ஆண்டு லண்டனில் இருந்து ஒரு சினிமாக் கூட்டம் மைசூருக்கு வந்தது. அனுப்பியவர் அலெக்சாந்தர் கோர்தா என்ற படமுதலாளி. ஹங்கேரி நாட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் பெரிய ஸ்டூடியோ கட்டியவர். டைரக்டர் ராபர்ட் ஃபிளாகர்ட்டி. பனிப் பிரதேசத்து எஸ்கிமோ மக்களுடன் இருந்து படம் எடுத்துப் புகழ் பெற்ற அமெரிக்கர்.

கிப்ளிங் எழுதிய ஒரு கதை. காட்டு யானைகளின் இரகசிய நடனத்தைப் பார்க்கும் பாகன் மகனின் கதை. அதற்கு ஒரு பையன் வேண்டும். ஊர் ஊராகத் தேடினார்கள். பல பையன்களைப் பார்த்தார்கள்.

படக் கூட்டத்தில் ஒரு காமிராக்காரர் இருந்தார். பெயர் ஆஸ்மண்ட் பொரடைல். மகாராஜாவின் யானைக் கொட்டிலில் அவர் கண்ணில் சாபு பட்டான். ஒல்லி உடம்பு. பளிச்சென்ற சிரிப்பு. யானை மேல் இருக்கும்போது துளிப் பயம் இல்லை. அவனே போதும் என்று முடிவாயிற்று. அப்போது அவனுக்கு வயது பதினொன்று.

மைசூர்க் காட்டில் படப்பிடிப்பு நடந்தது. மீதிப் படத்தை முடிக்க சாபுவை லண்டனுக்குக் கூட்டிப் போனார்கள். துணைக்கு அண்ணனும் போனார். யானை முதுகில் இருந்த பையன் கப்பலில் ஏறினான்.

1937-ல் 'எலிபெண்ட் பாய்' வெளிவந்தது. யானைப் பையன் என்று பொருள். இத்தாலியில் வெனிஸ் நகரப் பட விழாவில் அதன் டைரக்டர்களுக்குப் பரிசு கிடைத்தது. சாபுவின் பெயர் பல நாடுகளில் பரவியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தில் சாபுவின் தகப்பனாராக நடித்தவர் ஒரு வெள்ளைக்காரர். பெரிய பாகனாக நடித்தவரும் வெள்ளைக்காரர். முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடித்தார்கள். மகன் அசல். தகப்பன் சாயம்!

சென்னையில் எதிர்ப்பு

கோர்தா சாபுவை விடவில்லை. இங்கிலாந்திலேயே பள்ளியில் சேர்த்தார். ஆங்கிலம் கற்றான். அடுத்து 1938-ல் 'தி டிரம்' என்ற வண்ணப் படம். வடமேற்கு எல்லைப்புறத்து இளவரசனாக சாபு நடித்தான். வெள்ளைக்காரர் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பும் சித்தப்பாவைக் காட்டிக் கொடுத்து, வெள்ளைக்காரருக்கு உதவும் இளவரசன்.

லண்டனில் படம் நன்றாக ஓடியது. இந்தியாவில் என்ன ஆயிற்று?

அது சுதந்திரப் போராட்டக் காலம். பம்பாயிலும் சென்னையிலும் ஜனங்கள் கொதித்தார்கள். நம்மவரைக் கொடியவராகவும் அன்னியரை நல்லவராகவும் காட்டும் படம் நமக்கு எதற்கு என்று கொட்டகை முன்னால் திரண்டார்கள். படம் நிறுத்தப்பட்டது.

பதினான்கு வயதுப் பையனுக்கு அரசியல் என்ன தெரியும்? கொடுத்த வேஷத்தைப் போட்டான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டிய சொந்த நாட்டு ஜனங்கள், அந்தப் படத்தைப் பார்த்துக் கோபப்படும்படி ஆகிவிட்டது. ஜனங்கள் மீதும் தவறு இல்லை. முகம் நம்முடையது. கதை எழுதியவர் கை வேறு ஒருவருடையது.

மந்திரவாதியும் பையனும்

1940-ம் ஆண்டு. 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' வந்தது. பாக்தாத் திருடன் கதை. சாபுவின் வாழ்க்கையில் மிகப் பெரிய படம் இதுதான்.

ஜாஃபர் என்ற கொடிய மந்திரவாதி ராஜாவின் சிம்மாசனத்தைப் பறிக்கிறான். ராஜாவைக் குருடாக்குகிறான். அவனுக்குத் துணையாக வந்த திருட்டுப் பையனை நாயாக மாற்றிவிடுகிறான். அந்தப் பையன்தான் சாபு. பிறகு அவன் மீண்டும் மனித உருவம் பெறுகிறான். ராட்சசச் சிலந்தியோடு சண்டை போடுகிறான். பறக்கும் கம்பளத்தில் வந்து மந்திரவாதியை அம்பால் வீழ்த்துகிறான்.

ஜாஃபராக நடித்தவர் யார் தெரியுமா? எஷ்னாபூர் மகாராஜாவாக நடித்த அதே கான்ராட் வைட்!

அவர் ஐரோப்பியப் பயங்கரப் படங்களின் மன்னர். 1920-ல் வந்த 'டாக்டர் காலிகரி' படத்தில், தூக்கத்தில் நடந்து போய்க் கொலை செய்யும் மனிதனாக வந்து உலகத்தையே நடுங்க வைத்தவர். திரையில் கொடியவர். வாழ்க்கையில்?

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். சினிமாவில் இருப்பவர்கள் எந்த இனம் என்று எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். வைட் யூதர் அல்ல. அவர் மனைவி யூதப் பெண். ஆனால் அவர் தம்மையும் யூதர் என்றே எழுதிக் கொடுத்தார். சொந்த நாட்டை விட்டு இங்கிலாந்துக்குப் போனார். பிறகு அமெரிக்காவில் 1943-ல், தமது 50-வது வயதில் இறந்தார்.

அந்தப் படத்தில் குப்பியில் இருந்து கிளம்பும் பிரம்மாண்டமான பூதமாக நடித்தவர் ரெக்ஸ் இங்கிரம். அவர் அமெரிக்கக் கறுப்பர்.

எண்ணிப் பாருங்கள். படமுதலாளி ஹங்கேரி யூதர். மந்திரவாதி நாட்டை விட்டு வந்த ஜெர்மானியர். பூதம் அமெரிக்கக் கறுப்பர். கதாநாயகன் மைசூர் முஸ்லிம் பையன். இந்த நாலு பேரும் ஹிட்லருக்கு ஆகாதவர்கள்! 1939-ல் யுத்தம் மூண்டதால் இங்கிலாந்தில் படப்பிடிப்பு தடைப்பட்டது. அமெரிக்காவுக்குப் போய் முடித்தார்கள். மூன்று ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன.

இந்தப் படத்திலும் ஒரு குறை உண்டு. ஆறு கைகள் உள்ள வெள்ளிப் பெண் பொம்மை ஒன்று சுல்தானைத் தழுவிக் கொல்கிறது. நம் ஊர் அம்மன் சிலையின் சாயல் அந்தப் பொம்மைக்கு இருக்கிறது. நாம் கும்பிடும் உருவத்தைப் பார்த்து அவர்கள் நடுங்கினார்கள். ஆனாலும் அந்தப் பயங்கரத்தின் நடுவே காப்பாற்ற வந்தவன் பழுப்பு நிறப் பையன். அவனைப் பார்த்து வெள்ளைக்காரக் குழந்தைகள் அஞ்சவில்லை. அவனைப் போல ஆக ஆசைப்பட்டார்கள். இதுதான் புதுமை.

விமானத்தின் வாலில்

1942-ல் 'ஜங்கிள் புக்' படத்தில் ஓநாய்கள் வளர்த்த பையன் மௌக்லியாக சாபு நடித்தார். அதுவும் பெரிய வெற்றி. பிறகு ஹாலிவுட்டிலேயே தங்கிவிட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது என்ன? 1944-ல் வந்த 'கோப்ரா உமன்' ஒன்றே போதும். நாகத்தை வணங்கும் தீவு. கொடிய நாகராணி. எரிமலை. டைரக்டர் ராபர்ட் சியோட்மாக், அவரும் ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியை விட்டு வந்தவர். ஓநாய் மனிதனாக நடித்துப் பேர் பெற்ற லான் சேனியும் அதில் உண்டு. கதாநாயகனும் நாகராணியும் வேறு நடிகர்கள். சாபு தோழன். கூட ஓடுவார், சிரிப்பு மூட்டுவார், அவ்வளவே. உலகமே அறிந்த நடிகருக்கு எடுபிடி வேஷம்!

அதே 1944-ல் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். யுத்தத்தில் சேர்ந்தார். சினிமாக்காரர் என்று சலுகை கேட்கவில்லை. குண்டு வீசும் விமானத்தின் வால்புறத்தில் துப்பாக்கி வீரராக உட்கார்ந்தார். அது மிக ஆபத்தான இடம். பசிபிக் கடல் மீது பல முறை பறந்தார். வீரப் பதக்கம் பெற்றார்.

யானை முதுகில் பயப்படாத பையன் வானத்திலும் பயப்படவில்லை.

வளர்ந்ததே குற்றம்!

யுத்தம் முடிந்தது. சாபு இளைஞர் ஆகிவிட்டார். இனி என்ன வேஷம் தருவார்கள்?

1947-ல் இங்கிலாந்தில் 'பிளாக் நார்சிசஸ்' எடுத்தார்கள். இமயமலை மடத்தில் கன்னிகாஸ்திரீகள். காற்று ஓயாமல் வீசுகிறது. ஒரு கன்னிகாஸ்திரீக்குப் புத்தி பேதலிக்கிறது. முடிவில் அவள் பேய் போல வந்து நிற்கும் காட்சி, எந்தப் பயங்கரப் படத்துக்கும் குறைந்தது அல்ல. ஆனால் இமயமலை எங்கே? ஸ்டூடியோவில்! மலைகளைக் கண்ணாடியில் வரைந்து வைத்தார்கள்.

சாபு அதில் இளவரசர். அவரை மயக்கும் ஏழை இந்தியப் பெண்ணாக நடித்தவர் ஜீன் சிம்மன்ஸ் என்ற ஆங்கில நடிகை. உடம்பெல்லாம் பழுப்புச் சாயம். இங்கும் முக்கிய வேஷங்களில் அசல் முகம் சாபு ஒருவர்தான்.

காரணம் என்ன?

ஒன்று, பணம். பேர் பெற்ற வெள்ளை நடிகரின் முகம் இருந்தால்தான் வசூல் ஆகும் என்று படமுதலாளிகள் நினைத்தார்கள். இரண்டு, கட்டுப்பாடு. 1934-ல் இருந்து அமெரிக்கப் படங்களுக்குக் கண்டிப்பான விதிமுறை இருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகக் காட்டக் கூடாது என்று அதில் இருந்தது. பிற நிறத்தாரையும் காதல் நாயகர்களாக்கப் படமுதலாளிகள் தயங்கினார்கள். பையனாக இருக்கும்போது சாபுவைக் கட்டித் தழுவிய திரை, ஆண்பிள்ளை ஆனதும் கதவைச் சாத்திக்கொண்டது.

1948-ல் உடன் நடித்த ஓர் அமெரிக்கப் பெண்ணை அவர் மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். திரையில் கிடைக்காத குடும்பம் வீட்டில் கிடைத்தது.

ஆனால் படங்கள் சிறுத்துக்கொண்டே போயின. 1952-ல் இத்தாலியில் ஒரு படம். அதிலும் யானை! அதே ஆண்டு லண்டனில் சர்க்கஸ் கொட்டகையில் யானைகளோடு வித்தை காட்டினார். கொட்டிலில் புறப்பட்ட வாழ்க்கை, உலகத்தைச் சுற்றிவிட்டு மறுபடி யானையிடமே வந்து நின்றது.

தாய்நாட்டில் இடம் இல்லை

அப்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. பம்பாயில் மெகபூப் கான் 'மதர் இந்தியா' எடுக்கத் திட்டமிட்டார். தாய்க்கு அடங்காத மகன் பிர்ஜூ வேஷத்துக்கு சாபுவை நினைத்தார். சாபு பம்பாய்க்கு வந்தார். தாய்நாட்டுப் படத்தில், வளர்ந்த மனிதனாக நடிக்கப் போகிறோம் என்று எவ்வளவு ஆசையோடு வந்திருப்பார்!

அவர் அமெரிக்கக் குடிமகன். இங்கே வேலை செய்ய அரசாங்க அனுமதி வேண்டும். அது கிடைக்கவில்லை. திரும்பிப் போனார். அந்த வேஷத்தில் சுனில் தத் நடித்தார். 1957-ல் படம் வந்து பெரும்புகழ் பெற்றது.

அங்கே அவர் இந்தியர். அதனால் கதாநாயகன் ஆக முடியவில்லை. இங்கே அவர் அமெரிக்கர். அதனால் நடிக்கவே முடியவில்லை. இதைவிடக் கொடுமை உண்டா?

1959-ல் எஷ்னாபூர் மறுபடி வந்தது. ஃபிரிட்ஸ் லாங் என்ற புகழ் பெற்ற டைரக்டர் அதே பழைய கதையை ஜெர்மனியில் மீண்டும் எடுத்தார். இந்த முறை உதயப்பூருக்கே வந்து சில காட்சிகள் எடுத்தார்கள். ஆனால் மகாராஜா ஆஸ்திரிய நடிகர். கோவில் நாட்டியக்காரி அமெரிக்க நடிகை! அதே ஆண்டு இங்கிலாந்தில் பயங்கரப் படங்களுக்குப் பேர் போன ஹாமர் கம்பெனி, தக்கர் கொள்ளையரைப் பற்றி 'தி ஸ்ட்ராங்லர்ஸ் ஆஃப் பாம்பே' எடுத்தது. காளி பூசாரி சைப்ரஸ் தீவில் பிறந்த நடிகர். கல்கத்தாவில் பிறந்த மார்ன் மெய்ட்லண்ட் என்ற நடிகருக்கு ஒரு வேஷம் கிடைத்தது.

உலகம் அறிந்த இந்திய நடிகர் சாபு அப்போது உயிரோடு இருந்தார். வயது 35. இரண்டு படங்களிலும் அவர் இல்லை.

முடிவு

1960-ல் பேரிடி. கப்பலில் துணைக்கு வந்த அண்ணன், தம் கடையில் கொள்ளைக்காரனால் கொல்லப்பட்டார். சொந்த ஊரை நினைவூட்டும் ஒரே உறவு அது. அதே ஆண்டு ஹாலிவுட் நடைபாதையில் சாபுவின் பெயரை நட்சத்திரமாகப் பதித்தார்கள். ஒரு கையில் கௌரவம், ஒரு கையில் துக்கம்.

1963-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ந் தேதி, கலிபோர்னியாவில் தம் வீட்டில் சாபு மாரடைப்பால் இறந்தார். வயது 39 தான். அவர் நடித்த கடைசிப் படம் மறு ஆண்டு வெளிவந்தது. அதில் அவர் புலியைப் பழக்குகிறவர். கடைசி வரை அவருக்கு மிருகங்களின் பக்கத்தில்தான் இடம் கொடுத்தார்கள்.

அவர் தோற்றுப்போனாரா?

இல்லை. பெர்லினில் போட்ட எஷ்னாபூர் செட்டுகள் எப்போதோ போய்விட்டன. நடிகர்கள் பூசிய சாயமும் கரைந்துபோயிற்று. காரபூர் இன்றும் கபினிக் கரையில் இருக்கிறது. பாக்தாத் திருடனும் மௌக்லியும் இன்றும் திரையில் ஓடுகிறார்கள். அந்தச் சிரிப்பு மாறவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சினிமா பார்க்கும்போது ஒன்று சொல்லிக் கொடுங்கள். திரையில் ஓர் ஊரையோ ஒரு ஜாதியையோ ஒரு நிறத்தையோ காட்டிப் பயப்படச் சொன்னால், அது எட்டயபுரமா, எஷ்னாபூரா என்று கேட்கட்டும். அங்கே மெய்யாகவே மனிதர் வாழ்கிறார்களா, அல்லது யாரோ போட்ட செட்டா என்று பார்க்கட்டும்.

அப்படிக் கேட்கிற பிள்ளை, அயலாரைக் கண்டு வீணாக நடுங்காது. காரபூர்ப் பாகன் மகன் உலகத்துப் பிள்ளைகளுக்குச் சிரித்துச் சிரித்தே சொன்ன பாடம் அதுதான்.